ஸ்ட்ராப் இல்லாத கல்யாண கவுன்: தைத்ததும் பிரித்ததும்

முடிந்த கவுனின் எடை 3 கிலோ 100 கிராம். பயணப் பெட்டியை நிறுத்துப் பார்க்க வாங்கிய கையடக்கத் தராசின் கொக்கியில் ஹேங்கரோடு மாட்டிப் பார்த்தேன். அந்தத் தராசை நான் முதன்முதலில் கையில் எடுத்தது, ட்ரையல் இரண்டு முறை சொதப்பிய பிறகு. முதல் மாதமே எடுத்திருந்தால் ஒரு முழு மேல்பாகத்தைப் பிரித்துத் தைத்த வேலை மிச்சமாகியிருக்கும்.

மணப்பெண் என் சித்தி மகள். ஐந்து மாதம் இருக்கும்போது போனில் பதினேழு படங்கள் அனுப்பினாள். "அக்கா, இதுல கழுத்து மட்டும் பாரு, இதுல பின்பக்கம் மட்டும்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் பதிவு வேறு. பதினேழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று விஷயங்கள் எல்லாவற்றிலும் இருந்தன: தோளில் பட்டையே இல்லாத மேல்பாகம், இடுப்புவரை ஒட்டியிருந்து அப்புறம் விரியும் ஸ்கர்ட், பின்னால் தரையில் இழுபடும் ட்ரெயின். மூன்றும் தனித்தனியாக எளிது. ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றையொன்று கீழே இழுக்கும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

படம் வரைவதற்கு முன்னால் நான் கேட்கும் கேள்விகள் வேறு. எத்தனை மணி நேரம் போட்டிருப்பாய், அதில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாய், ஆடுவாயா, செருப்பின் குதிகால் எவ்வளவு, உள்ளே என்ன போடுவாய், கழிப்பறைக்குப் போகும்போது ஸ்கர்ட்டைத் தூக்கிப் பிடிக்க யார் வருவார்கள்? கடைசிக் கேள்விக்குச் சிரித்தாள். சிரிக்கட்டும். அத்தனை அடுக்கு வலைத்துணியோடு ஒரு ஆள் தனியாகச் சமாளிக்க முடியாது, அதை முதல் நாளே பேசிவிடுவது நல்லது. செருப்பை அவள் இன்னும் வாங்கியிருக்கவில்லை. வாங்கிய பிறகுதான் அளவு எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். குதிகால் அரை இன்ச் மாறினாலும் கீழ் விளிம்பு முழுக்க மாறும்.

துணி பட்டு டச்சஸ் சாட்டின். சாட்டின் என்பது நெசவின் பெயர், நூலின் பெயர் இல்லை. நீளவாக்கில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் பல ஊடு நூல்களைத் தாண்டி மேலேயே மிதந்து போவதால்தான் அந்த வழவழப்பு. பட்டிலும் நெய்யலாம், பாலியஸ்டரிலும் நெய்யலாம். டச்சஸ் அதில் கனமான வகை, விறைப்பாக நின்று வடிவம் காட்டும். பாலியஸ்டர் சாட்டினில் தையல் இஸ்திரிக்குப் படிவதே பெரிய போராட்டம். பட்டு சொன்னபடி படியும், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் வட்டமாகக் கறை நிற்கும். இதை எழுதும்போது நன்றாகத்தான் ஞாபகம் வருகிறது, இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்திருந்தபோது வரவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

எந்தத் துணியானாலும் ஒரு துண்டைக் கையில் கசக்கி ஒரு நிமிடம் இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறந்து பார்ப்பேன். 1981 ஜூலையில் டயானா லண்டன் செயின்ட் பால் பேராலய வாசலில் வண்டியிலிருந்து இறங்கியபோது கவுன் கசங்கியிருந்ததைத் தொலைக்காட்சி பார்த்தவர்கள் எல்லாரும் கண்டார்கள். பட்டு டாஃபெட்டா, 25 அடி நீள ட்ரெயின். தைத்த டேவிட், எலிசபெத் இமானுவேல் இருவரின் கைவேலையில் குறை இல்லை. அந்த நீளத்தை மடக்கி, அப்பாவும் மகளும் உட்கார்ந்த வண்டிக்குள் அடைத்தால் டாஃபெட்டா வேறு என்ன செய்யும்? எங்கள் டச்சஸ் துண்டு கைக்குள் கசங்கியது, ஆனால் கூர்மையான கோடு விழவில்லை. போதும்.

இனி அளவு. மார்பு 36, மார்புக்குக் கீழ் 30½, இடுப்பு 28, இடுப்புக்குக் கீழ் அகலமான இடத்தில் 38½. செருப்போடு நிற்கும்போது இடுப்பிலிருந்து தரைக்குச் சற்று மேலே வரை 42 இன்ச். ஸ்ட்ராப் இல்லாத உடைக்கு இவற்றோடு மார்பு முனையின் உயரம், இரண்டு முனைகளுக்கு நடுவில் உள்ள தூரம், அக்குளுக்குக் கீழே விளிம்பு எங்கே நிற்க வேண்டும், உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து தொடை மடிப்பு எவ்வளவு தூரம் என்பனவும் வேண்டும். இந்தக் கடைசி அளவை நான் எடுக்கவில்லை. அதற்கும் தண்டனை கிடைத்தது.

ஸ்கர்ட்டின் வீச்சு அரை வட்டம். இடுப்பு 28-ஐ 3.14-ஆல் வகுத்தால் உள் ஆரம் ஏறத்தாழ 8.9 இன்ச். அதோடு நீளம் 42 சேர்த்து மறுபடி 3.14-ஆல் பெருக்கினால் கீழ் விளிம்பு 160 இன்ச், நாலு மீட்டரை ஒட்டி. ட்ரெயின் இல்லாவிட்டால் அரை வட்டத்தை அகலத் துணியில் ஒரே துண்டாகவே வெட்டிவிடலாம். சாட்டினில் அப்படிச் செய்யாதீர்கள். நடு முதுகில் சேரும் இரண்டு ஓரங்களில் ஒன்றில் துணி மேல்நோக்கி ஓடும், மற்றதில் கீழ்நோக்கி ஓடும். வெளிச்சம் பட்டால் இரண்டும் வேறு வேறு துணி மாதிரி தெரியும். அதனால் ஏழு பேனல்களாகப் பிரித்தேன்: முன் நடுவில் ஒன்று, பக்கத்துக்கு மூன்று. ஒவ்வொரு பேனலின் நடுக்கோடும் பாவு வாட்டத்தில். அப்போது இரண்டு பக்கச் சரிவும் ஒரே அளவு கிராஸில், அதாவது நூலுக்குச் சாய்வாக, வரும், ஒன்றுபோலத் தொங்கும். பின் பேனல்களில் ட்ரெயினுக்காகக் கூடுதலாக 48 இன்ச்.

மாதிரி உடை காடா துணியில். மூன்று முறை வெட்டினேன். முதலாவதில், மார்பு முனை வழியாக மேலிருந்து கீழே ஓட வேண்டிய பிரின்சஸ் கட் தையல் மார்பு முனைக்கு முக்கால் இன்ச் வெளியே ஓடியது, மேல் விளிம்பு இரண்டு பக்கமும் வாய் பிளந்தது. விளிம்பில் முக்கால் அங்குலம் கிள்ளி எடுத்து, அதை முனைக்கு வரும்போது ஒன்றுமில்லாமல் குறைத்தேன். இரண்டாவதில் முதுகு உயரம் சரியானது. மூன்றாவது கச்சிதம். கண்ணாடி முன்னால் இரண்டு கையையும் தூக்கினாள், குனிந்தாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள். எதுவும் அசையவில்லை. எனக்கு ஒரே பெருமை.

அந்த மாதிரியில் ஸ்கர்ட்டாக நான் தைத்திருந்தது ஒரே அடுக்கு காடா. ட்ரெயினும் இல்லை. மொத்தம் அரைக் கிலோகூட இருந்திருக்காது.

வெட்டும் நாள். துணியை மடிக்காமல் ஒற்றை அடுக்காக விரித்து, எல்லாப் பேட்டர்னையும் தலை ஒரே பக்கம் இருக்கும்படி வைத்தேன். துணி கொஞ்சம் அதிகம் செலவாகும், வேறு வழி இல்லை. குண்டூசியை மார்ஜினுக்குள், அதாவது தையலுக்காக விடும் ஓரத் துணிக்குள், மட்டும் குத்த வேண்டும், வெளியே குத்தினால் ஓட்டை அப்படியே நிற்கும். அதே காரணத்துக்காகப் பிரித்துத் தைப்பதும் சாட்டினில் ஒருமுறைக்கு மேல் முடியாது. மெஷினில் 70 நம்பர் கூர்முனை ஊசி, தையல் நீளம் இரண்டரை மில்லிமீட்டர். ஒவ்வொரு பேனலுக்கும் பின்னால் அதே அளவில் பட்டு ஆர்கன்சா என்ற மெல்லிய விறைப்பான துணியை வெட்டி, இரண்டையும் கைத்தையலால் ஓட்டி ஒரே துணி போல ஆக்கிக்கொண்டேன். இந்த உள் அடுக்கு இருந்தால் மடிப்புகள், கொக்கிகள், ஹெம்மிங் எல்லாவற்றையும் ஆர்கன்சாவிலேயே பிடித்துவிடலாம், வெளியே ஒரு புள்ளி தெரியாது. இரண்டு நாள் ஆனது. அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்த கவுனையும் செய்த கவுனையும் பக்கத்தில் தொங்கவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியும்.

மேல்பாகத்துக்கு உள்ளே இன்னொரு மேல்பாகம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. கார்செலெட் என்பார்கள்: இறுக்கமான நெசவுள்ள காட்டன் ட்ரில்லில், மார்புக்கு மேலிருந்து இடுப்புக்குக் கீழே நாலு இன்ச் வரை, எலும்புகளோடு. எலும்பு என்பது பெயர் மட்டும்தான், ஒரு காலத்தில் திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த பட்டைகளை வைத்தார்கள். இப்போது பிளாஸ்டிக் அல்லது எஃகு. பதினொன்று வைத்தேன். முன் நடுவில் ஒன்று, மற்றவை பக்கத்துக்கு ஐந்து. முதலில் போட்டது துணி மாதிரியே தைக்கக்கூடிய பிளாஸ்டிக் பட்டை. மலிவு, வெட்ட எளிது, முனையை நெருப்பில் காட்டி உருட்டிவிடலாம். இரண்டு மணி நேரம் உடம்புச் சூட்டில் இருந்ததும் இடுப்பில் அது வளைந்த இடத்திலேயே நின்றுவிட்டது, நிமிரவே இல்லை.

சரி, இப்போது அந்த ட்ரையல்.

மேல்பாகம், ஸ்கர்ட், லைனிங், உள்ளே விரிப்புக்காக கேன்கேன், எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து முடித்திருந்தேன். லேஸ் மட்டும் பாக்கி. போட்டுக்கொண்டு நின்றாள், அழகாக இருந்தது. "நட" என்றேன். பத்து அடி நடந்திருப்பாள். இரண்டு கையாலும் கழுத்து விளிம்பைப் பிடித்து மேலே இழுத்துவிட்டாள். மறுபடி பத்து அடி, மறுபடி ஒரு இழுப்பு. ஸ்ட்ராப் இல்லாத உடை போட்டவர்கள் விழா முழுக்கச் செய்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே. ஒவ்வொரு சுற்றுக்கும் விளிம்பு ஒரு இன்ச் இறங்கியது.

நான் செய்த முதல் வைத்தியம் எல்லாரும் செய்வதுதான். லூஸாக இருக்கிறது என்று முடிவு செய்து மேல் விளிம்பைப் பக்கத்துக்கு அரை இன்ச் பிடித்தேன். அடுத்த வாரம் வந்து போட்டாள். முதுகில் சதை விளிம்புக்கு மேலே பிதுங்கியது, "மூச்சு விட முடியலக்கா" என்றாள், அப்படியும் கவுன் இறங்கியது. இரண்டாவது வைத்தியம், விளிம்பின் உட்பக்கம் சிலிக்கான் பட்டை. தோலில் ஒட்டிப் பிடிக்கும் என்று விற்கிறார்கள். பிடித்தது, அரிப்பையும் கொடுத்தது. கவுன் இறங்கும்போது தோலையும் சேர்த்து இழுத்தது. அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லாமல் போனாள். சொல்லியிருந்தால் பரவாயில்லை.

அவள் போன பிறகு கவுனை டம்மியில் மாட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். டம்மியிலும் விளிம்பு கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. அதற்கு நடக்கவும் தெரியாது, மூச்சு விடவும் தெரியாது. எழுந்து போய் ஸ்கர்ட்டைக் கீழிருந்து இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தேன். விளிம்பு தானாக ஏறிச் சரியான இடத்தில் நின்றது. கையை எடுத்தால் இறங்கியது.

அப்போதுதான் பெட்டி நிறுக்கும் தராசு ஞாபகம் வந்தது. இடுப்புத் தையலைப் பிரித்து, ஸ்கர்ட், லைனிங், கேன்கேன் மூன்றையும் மட்டும் மாட்டினேன். 2 கிலோ 300 கிராம். அவ்வளவு எடையும் வெளி மேல்பாகத்தின் இடுப்புத் தையலில் தொங்கியது. வெளி மேல்பாகம் கார்செலெட்டோடு சேர்ந்திருந்தது மேல் விளிம்பில் மட்டும். ஆக, இரண்டே கால் கிலோவுக்கு மேலான பாரத்தை மார்பின் மேல் ஓரம் தாங்கிக்கொண்டிருந்தது. நடக்கும்போது ட்ரெயின் தரையில் உரசிப் பின்னால் இழுக்கும் இழுப்பு அதற்கு மேல். மார்பு இதற்கு ஏற்ற இடமே இல்லை. மூச்சுக்கு மூச்சு விரிந்து சுருங்கும் இடம், பிடிமானம் எங்கிருந்து வரும்? இடுப்பு அப்படி இல்லை. கீழே அகலும் எலும்பு இருக்கிறது, ஒரு பட்டையை இறுக்கிக் கட்டினால் அதைத் தாண்டி இறங்காது. பாவாடைக்கு நாடா ஏன் இடுப்பில் இருக்கிறது என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதற்குப் பதில் இல்லை.

இடுப்புப் பட்டை என்று ஒன்றை நான் வைக்காமல் இல்லை. வைத்திருந்தேன், தப்பாக. ஒரு இன்ச் அகல கிராஸ்கிரெய்ன் ரிப்பனை (குறுக்கு வரியுள்ள விறைப்பான நாடா) இடுப்பின் அதே 28 இன்ச் நீளத்துக்கு வெட்டி, கார்செலெட்டின் உள்ளே சுற்றிலும் மெஷினில் ஓட்டித் தைத்துவிட்டேன். அப்படித் தைத்தால் அது அலங்காரக் கோடு மாதிரிதான். துணி எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவுதான் அதுவும் இறுகும்.

பிரித்து மாற்றியது இப்படி. ரிப்பனை 27 இன்ச்சாகக் குறைத்து இரண்டு முனையிலும் பெரிய கொக்கிகள், இரண்டு இறுக்கத்துக்கு. கார்செலெட்டோடு அதைச் சேர்த்தது எலும்பு ஓடும் தையல்களின் மேல் மட்டும், ஒவ்வொரு இடத்திலும் நாலைந்து கைத்தையல். பின்பக்கம் இரண்டு முனையிலும் மூன்று இன்ச் எதோடும் சேராமல் விட்டேன். போடும்போது முதலில் இந்தப் பட்டையைத்தான் மாட்ட வேண்டும். மாட்டியதும் கவுன் இடுப்பில் உட்கார்ந்துவிடும், அதற்கப்புறம் கார்செலெட் கொக்கிகள், கடைசியாக வெளி ஜிப். பட்டை மாட்டியிருந்தால் ஜிப்பின் மேல் இழுப்பே இருக்காது, கல்யாணத்தன்று ஜிப் பிய்ந்த கதைகளில் பாதி இதனால்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். பிறகு லைனிங்கையும் கேன்கேனையும் கார்செலெட்டில், பட்டைக்கு நேர் மேலே தைத்தேன். சாட்டின் ஸ்கர்ட்டின் மார்ஜினையும் உள்ளே அதே இடத்தில் பிடித்தேன். வெளி மேல்பாகம் இனி எதையும் தாங்கவில்லை, சும்மா மேலே போர்த்தியிருந்தது.

கூடவே பிளாஸ்டிக் எலும்புகளை எடுத்துவிட்டு எஃகு போட்டேன். வளைவான தையல்களில் சுருள் எஃகு, அது நாலு பக்கமும் வளையும். பின்னால் கொக்கி வரிசைக்குப் பக்கத்தில் தட்டை எஃகு, அது நேராக நிற்கும். முனைகளுக்கு உலோகத் தொப்பி போடாவிட்டால் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஒவ்வொன்றும் தன் குழாயைவிடக் கால் இன்ச்சாவது குட்டையாக இருக்க வேண்டும்.

அடுத்த ட்ரையலில் நாற்பது நிமிடம் போட்டிருக்கச் சொன்னேன். நடந்தாள், போனில் பாட்டு வைத்து ஆடினாள். விளிம்பு நூலளவும் இறங்கவில்லை. முன்னால் பிடித்து வைத்திருந்த அரை இன்ச்சையும் திரும்ப விட்டுவிட்டேன், மூச்சும் வந்தது. அப்புறம் உட்கார்ந்தாள், "ஆ" என்றாள். முன் நடு எலும்பு தொடை மடிப்பில் குத்தியது. நான் எடுக்காமல் விட்ட அளவு அது. கார்செலெட்டின் முன் கீழ் முனையை ஒன்றரை இன்ச் குறைத்து வளைத்து வெட்டி, எலும்பையும் குட்டையாக்கினேன்.

இனி அந்த இஸ்திரி. இடது பின் பேனலின் தையலைப் பிளந்து படிய வைத்துக்கொண்டிருந்தேன். நீராவிப் பெட்டி சூடாகாமலே நீராவிப் பொத்தானை அழுத்தியதில் மூன்று சொட்டு துப்பியது. காய்ந்ததும் மூன்று வட்டங்கள், ஓரம் மட்டும் கருத்து. அந்தப் பேனலை மாற்றுவதைத் தவிர வழி இல்லை. மிச்சத் துணி இருந்தது, ஆனால் தலைகீழாக வைத்தால்தான் பேனல் அதில் அடங்கும். இரவு பதினொரு மணி. விளக்கு வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன், ஒன்றுபோலத்தான் இருந்தது. வெட்டித் தைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் ஜன்னலோரம் வைத்தால் புதுப் பேனல் மட்டும் சாம்பல் பூசியது போல நிற்கிறது. தெரிந்த விஷயம்தான், மேலே நானே எழுதியிருக்கிறேன். களைப்பு வந்தால் தெரிந்தது மறக்கும். துணி வாங்கிய அதே சுருள் தீராமல் இருந்தது அதிர்ஷ்டம். வேறு சுருளாக இருந்தால் தந்த வெள்ளையும் தந்த வெள்ளையும் ஒத்துப்போகாது. இப்போது எந்தத் துணிக்கும் கணக்குக்கு மேல் இரண்டு மீட்டர் சேர்த்து வாங்குகிறேன். இஸ்திரிக்கு நீராவியும் இல்லை, மேலே ஆர்கன்சாத் துண்டு போட்டு உலர்சூடு மட்டும்.

லேஸ் வேலைதான் அதிக நேரம் தின்றது, 41 மணி நேரம். லேஸைப் பட்டையாக வைத்துத் தைப்பது சுலபம், பட்டையாகத்தான் தெரியும். நான் ஒவ்வொரு பூவையும் இலையையும் அதன் கோட்டோடு கத்தரித்துத் தனித்தனியாக எடுத்து, மெல்லிய வலையில் அடுக்கி, ஓரம் ஓரமாகக் கைத்தையல் போட்டேன். எங்கே எந்தப் பூ என்று மேஜையில் வைத்து முடிவு செய்யக் கூடாது. அவளை நிற்க வைத்து உடம்பின் மேல்தான் குத்திப் பார்க்க வேண்டும், தட்டையில் அழகாகத் தெரிந்தது மார்பின் வளைவில் விகாரமாகிவிடும். பக்கத் தையல்களின் மேல் இலைகள் குறுக்கே போகும்படி வைத்தேன், தையல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். 2011-இல் கேட் மிடில்டனின் கவுனுக்கு லேஸ் தைத்தவர்கள் அரை மணிக்கு ஒருமுறை கை கழுவினார்கள், மூன்று மணிக்கு ஒருமுறை ஊசியை மாற்றினார்கள் என்று அரண்மனையே அறிவித்தது. ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க் ஆட்கள். படித்தபோது ராஜ வீட்டு ஆடம்பரம் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் என் விரல் பட்ட வலை மங்கிப்போனதைப் பார்த்த பிறகு நானும் கை கழுவ ஆரம்பித்தேன். அந்தக் கவுனின் முதுகில் 58 துணிப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வளையம். என்னுடையதில் 22, அடியில் ஜிப். பொத்தான்கள் சும்மா வேஷம்.

கீழ் விளிம்பை வெட்டுவதற்கு முன் கவுனை மூன்று நாள் தொங்கவிட்டேன். பேனல்களின் ஓரம் கிராஸில் இருப்பதால் அங்கே துணி தன் எடைக்கே நீளும், நடுவில் நீளாது. இறங்குவது எல்லாம் இறங்கட்டும் என்று விட்டுவிட்டு அப்புறம் வெட்ட வேண்டும். ஓரிரு இடத்தில் அரை இன்ச்சுக்கு மேலேயே இறங்கியிருந்தது. அவள் செருப்பைப் போட்டு நேரே பார்த்து நின்றாள், நான் ஸ்கேலோடு தரையில் ஊர்ந்து சுற்றினேன். குனிந்து என்ன செய்கிறேன் என்று ஒருமுறை எட்டிப் பார்த்தாள், அந்த இடத்தில் குறி முக்கால் இன்ச் ஏறிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி. முன்பக்கம் தரைக்கு முக்கால் இன்ச் மேலே நிறுத்தினேன், கால் தடுக்காது.

விளிம்புக்குள் மூன்று இன்ச் அகல கிரினோலின் பட்டை. லத்தீனில் கிரினிஸ் என்றால் முடி. ஒரு காலத்தில் குதிரை முடியில் பின்னினார்கள், இப்போது நைலான். அதன் ஒரு ஓரத்தில் ஓடும் தடித்த நூலை இழுத்தால் பட்டை தானாக வளைந்து விளிம்பின் வட்டத்துக்குப் பொருந்தும். இதை வைத்ததும் ஸ்கர்ட்டின் அடி காலைச் சுற்றாமல் தள்ளி நின்றது. பட்டை வெட்டிய முனை ஊசி மாதிரி குத்தும், அதைத் துணியால் மூடித் தைக்க மறக்காதீர்கள். கேன்கேனைக் கிழித்துவிடும்.

கடைசியில் ட்ரெயினைத் தூக்கிக் கட்டும் ஏற்பாடு. நடந்து வரும்போது வால் வேண்டும், ஆடும்போது வேண்டாம். வெளியே பொத்தானில் மாட்டுவது ஒரு முறை. உள்ளே நாடாக்களை நாடாக்களோடு முடிந்து, துணி கொசுவம் கொசுவமாகத் தனக்குள்ளேயே மடிந்து நிற்க வைப்பது இன்னொரு முறை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். முதலில் ஒரே ஒரு இடத்தில் முடிச்சு வைத்துப் பார்த்தேன். லைனிங் அந்த இடத்தில் பிரிந்தது. எடை விஷயத்தில் இன்னும் பாடம் படிக்கவில்லை போலிருக்கிறது. அப்புறம் ஐந்து இடங்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ட்ரில் துணியில் சின்னச் சதுரம், மேல் நாடாக்கள் எல்லாம் கார்செலெட்டின் இடுப்பிலிருந்தே தொங்கின. அன்றைக்கு இதைக் கட்டப்போவது நான் இல்லை, அவள் தோழி. அதனால் ஐந்து ஜோடிக்கும் ஐந்து நிறம்: சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை. ஒருமுறை கட்டிக் காட்டி அவள் போனிலேயே வீடியோ எடுக்க வைத்தேன். முதல் முறை அவளுக்கு ஒன்பது நிமிடம் ஆனது, மூன்றாவது முறை மூன்று.

நோட்டில் குறித்து வைத்த மணிக்கணக்கு: மாதிரிகள் 31, வெட்டியதும் ஆர்கன்சா ஓட்டியதும் 14, கார்செலெட் 27, மேல்பாகம் 22, ஸ்கர்ட் 29, லேஸ் 41, கீழ் விளிம்பு 12, நாடாக்கள் 10. மொத்தம் 186. பிரித்துத் தைத்ததும் இதற்குள்தான், தனியாகக் குறிக்க மனம் வரவில்லை. அடுத்த மாதிரி உடைக்கு இடுப்பில் இரண்டு கிலோ மணல் மூட்டை கட்டித்தான் நடக்கச் சொல்லப் போகிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, காடாவில் சின்னப் பைகள் நாலு தைத்து வைத்துவிட்டேன்.

கல்யாணம் முடிந்த மறுநாள் படங்கள் வந்தன, நூற்றுச்சொச்சம். மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், நான் கையைப் பார்த்தேன். பூ பிடித்திருக்கிறது, மோதிரம் போடுகிறது, யாரையோ கட்டிக்கொள்கிறது, ஆடும்போது தலைக்கு மேலே போகிறது. கழுத்து விளிம்பு பக்கம் ஒன்றில்கூடப் போகவில்லை.

கவுன் இரண்டு நாள் கழித்துச் சுத்தம் செய்யத் தருவதற்கு முன் என்னிடம் வந்தது. கீழ் விளிம்பு சுற்றிலும் கறுப்பு, அது எதிர்பார்த்ததுதான். இடுப்புப் பட்டையின் கொக்கி இறுக்கமான இடத்தில் மாட்டிய தடம் இருந்தது. உள்ளே ஐந்து நாடாக்களில் பச்சை மட்டும் வேரோடு பிய்ந்து தொங்கியது. யார் மிதித்தது என்று தோழியிடம் கேட்டேன், மாப்பிள்ளையிடம் கேட்டேன். இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.